மூடியம்மாவும் அச்சுக் கோழிக்காலும்

சூட்டைக் கண்டுபிடித்தது சூரியன் என்று எந்தப் பாடப்புத்தகத்திலாவது போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் தாராளமாகக் கிழித்துவிடலாம். கண்டுபிடித்தது மூடியம்மா. ஒரு நாள் சூரியனே அவளிடம் வந்து, அக்கா, மத்தியானத்துக்கு மேல எனக்குச் சூடு நிக்க மாட்டேங்குது, என்ன பண்ணலாம் என்று கைகட்டி நின்றதாகவும், ஒரு மூடி போட்டு வை தம்பி என்று இவள் சொல்லி அனுப்பியதாகவும் கேள்வி. மேகம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது அந்த மூடியைத்தான். எரிமலைகள் ஊருக்குள் வராமல் ஒதுங்கி நிற்பதுகூட இவள் மேல் உள்ள மரியாதையால்தான்.

இப்பேர்ப்பட்டவள் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். கட்டடத்தின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் அது இடுங்கிக் கிடக்கும். சாப்பிடுகிறவர்களோ மேல் மாடியில். நடுவில் ஒரு லிஃப்ட். அந்த லிஃப்டையும் ஒரு கட்டிலில் படுக்கவைத்து வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தால் தேவலை என்கிற வேகத்தில்தான் அது ஏறும். ஏறி முடிப்பதற்குள் சூப் குளித்துத் தலை துவட்டிச் சில்லென்று உட்கார்ந்திருக்கும்.

சாப்பாடு ஆறிப்போவதற்குக் காரணம் தட்டு என்பது மூடியம்மாவின் கட்சி. சில்லிட்ட தட்டில் கொதிக்கக் கொதிக்க எதை வைத்தாலும் முதல் வாய் தட்டுக்குத்தான், மிச்சம்தான் மனுஷனுக்கு. அதனால் தட்டுகளை முதலில் சூடேற்றும் அலமாரியில் அடுக்கிவிடுவாள். அடுப்பிலிருந்து தட்டு, தட்டின் மேல் உடனே மூடி, மூடியோடு வெப்பப்பெட்டி வைத்த தள்ளுவண்டி. லிஃப்ட் கதவு திறக்கும்வரை வண்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க விடமாட்டாள்.

வில்லங்கம் மாடியில்தான். பரிமாறுகிற பெண்கள் வேலை சுருக்க முடியட்டும் என்று வராந்தாவிலேயே எல்லா மூடிகளையும் கழற்றி அடுக்கிவிடுவார்கள். அந்தச் சத்தம் அடித்தளத்தில் எப்படித்தான் கேட்குமோ, கரண்டியும் கையுமாகப் படியேறி வந்து நிற்பாள்.

"நிமிர்த்தி உக்கார வச்சாச்சா? கண்ணாடி மாட்டியாச்சா? கையில ஸ்பூன் இருக்கா? அப்புறம் தொடு மூடிய."

பெற்றவர்கள் வைத்த பெயர் இப்படித்தான் காணாமல் போயிற்று. முதலில் கிண்டலுக்குச் சொன்னது, பிறகு சம்பளம் கொடுக்கிற மேனேஜர் வாயிலும் மூடியம்மாதான் வந்தது.

வீட்டில் இந்தச் சேவையெல்லாம் கிடையாது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் புருஷன், அங்க இருக்கறவங்களுக்கு ஆவி பறக்குது, இங்க இருக்கறவனுக்கு ஃப்ரிட்ஜ் காத்து வீசுது என்று தினமும் ஒரு பாட்டம் புலம்பிவிட்டு அதையே சாப்பிடுவார். பள்ளிக்கூடம் இவளை விட்டதா, இவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா என்று இன்னும் தீர்ப்பு வராத ஒரு மகளும் உண்டு. ஒரு நாள் அவள் தட்டைச் சூடாக்கி, டிவி ரிமோட்டை நடுவில் வைத்து, மூடி போட்டு அப்பாவுக்குப் பரிமாறினாள். அவர் திறந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் முதல் தடவையாகச் சூடாக ஒன்று வந்திருக்கிறது என்று ரிமோட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மூடியம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

புரையேறுவது எல்லாருக்கும் சிரிப்போடு முடிகிற காரியம் இல்லை. இல்லத்தில் சில பேருக்கு விழுங்குவதே கஷ்டம். பக்கவாதம் வந்தவர்கள், தொண்டை சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள். அவர்களுக்கு எல்லாவற்றையும் நைசாக அரைத்து, கெட்டிப்படுத்தும் மாவு கலந்து கொடுக்க வேண்டும். துண்டு துணுக்கு இருந்தால் வழி மாறி மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். அதனால் அவர்கள் தட்டில் மூன்று உருண்டை இருக்கும். பழுப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, ஆரஞ்சாக ஒன்று. பெயின்ட் கடையில் சாம்பிள் காட்டுகிற மாதிரி. எது கோழி, எது பட்டாணி, எது கேரட் என்று சமைத்தவளுக்கே நிறத்தை வைத்துத்தான் தெரியும். அந்தத் தட்டுக்கு நீல மூடி. மற்றவர்களுக்கு வெள்ளை. சாப்பாட்டுக் கூடத்தில் நீல மூடி திறந்தால் பக்கத்து மேசைக்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். திறந்தவரும் திருப்பிக்கொள்வார்.

அந்தக் கூட்டத்தில்தான் கண்டக்டர் இருந்தார். பஸ்ஸிலேயே நரைத்துப்போன கண்டக்டர். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போய்விட்டது. ஆனாலும் சாப்பாட்டு வண்டி வாசலில் நின்றால் இரண்டு விரலைத் தூக்கி, போகலாம் ரைட் என்று காட்டுவார். சாப்பிடத்தான் மாட்டார். வாயை இறுக்கி மூடிக்கொள்வார். சட்டைக் காலருக்குள் கழுத்து நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனது.

மூடியம்மாவுக்கு அது தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது. சூடாகப் போய்ச் சூடாகத் திரும்பி வந்த தட்டை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கேக் செய்கிற கடையில் தேடி மெத்தென்ற ரப்பர் அச்சுகள் வாங்கினாள். அரைத்த கேரட்டை அச்சில் ஊற்றி ஆவியில் வைத்து எடுத்தால் முழுக் கேரட். பட்டாணி மசியல் மறுபடி பட்டாணியாக உருண்டது. கோழிக்குத்தான் ரொம்ப நாள் மல்லுக்கட்டினாள். கடைசியில் அரைத்த கோழியைக் கால் மாதிரி வார்த்து, மேலே குழம்பைத் தூரிகையால் தடவி, வறுத்த தோலின் நிறம் கொண்டுவந்தாள். எலும்பு தெரிய வேண்டிய முனையில் வெள்ளையாக உருளைக்கிழங்கு மசியல். அதைத் தட்டில் வைத்து மூடி போட்டபோது அவள் முகம் பிள்ளை பெற்றவள் முகம் மாதிரி இருந்தது என்று தலைமை நர்ஸ் சொன்னார்.

கண்டக்டர் மூடிக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்பூனால் ஒரு தட்டு தட்டினார். பிறகு வாயைத் திறந்தார்.

அன்றிலிருந்து தட்டு காலியாகத் திரும்பி வந்தது. மேனேஜர் அந்தக் கோழிக்காலைப் படம் பிடித்து வரவேற்பறையில் மாட்டினார். மூடியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு ஆன பிறகு நீல மூடி எதற்கு, எல்லாருக்கும் ஒரே வெள்ளை மூடி போடலாமே, அவர்களும் மனுஷர்கள்தானே என்று தலைமை நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் யோசித்துவிட்டு, தட்டின் அடியில் நீல ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், நம் ஆட்களுக்குத் தெரிந்தால் சரி என்றார். நம் ஆட்களுக்குத் தெரிந்தது.

கண்டக்டரின் மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வருவார். நடுவில் முழங்கால் வலியால் சில வாரம் வரவில்லை. வந்த அன்று புருஷன் கோழிக்கால் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு அடித்தளம்வரை இறங்கி வந்துவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"கோழியெல்லாம் சாப்பிடுறாரேம்மா. என் கண்ணையே நம்ப முடியல. நீதான் சமைக்கிறியா?"

மூடியம்மாவுக்குத் தெரியும். அந்தம்மா அதை நிஜக் கோழிக்கால் என்று நம்பிவிட்டார் என்பது அந்த நொடியிலேயே தெரியும். அது மசியல்மா, அச்சுல வார்த்தது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் எவ்வளவு பெரிய பாராட்டு அது. கட்டிய மனைவியே ஏமாந்து போகிற அளவுக்குக் கோழி. அந்தப் பாராட்டு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே சூடாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"ஆமாம்மா. தட்டையே துடைச்சு வைக்கிறாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா வீட்டிலிருந்து டிபன் டப்பாவில் கோழி வறுத்துக் கொண்டுவந்தார். கல்யாணமான புதிதிலிருந்து புருஷனுக்குப் பிடித்த பக்குவம். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் பிய்த்து ஒரு துண்டை ஊட்டினார்.

மணி அடித்த சத்தமும் ஓடுகிற சத்தமும் அடித்தளத்துக்கும் கேட்டன. மூடியம்மா படியேறி வந்தபோது தலைமை நர்ஸ் கண்டக்டரை முன்னால் குனியவைத்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. துண்டு வெளியே வந்தது, மூச்சும் வந்தது, ஆனால் உள்ளே போன துணுக்குகள் நுரையீரலைக் கெடுக்கும் என்று ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அந்தம்மா டப்பா மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். விழுங்க முடியாதுன்னு முதல் நாளே சொன்னோமே, ஏம்மா குடுத்தீங்க என்று மேனேஜர் கேட்டார், நர்ஸ் கேட்டார், ஆம்புலன்ஸ்காரரும் கேட்டார். அவர், நான்தான் குடுத்தேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏன் கொடுத்தார் என்பதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

கண்டக்டர் பிழைத்து வந்தார். பாதி ஆளாக வந்தார். இனி சாப்பாட்டு நேரத்தில் மனைவி பக்கத்தில் இருக்கக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அந்தம்மா ஒரு தடவை வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார். இரண்டு விரலைத் தூக்க வேண்டிய கண்டக்டர் வண்டி வந்தால் வாசலைத்தான் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று.

மூடியம்மா தனக்குத் தானே ஒரு தண்டனை விதித்துக்கொண்டாள். ரப்பர் அச்சுகளைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் போட்டுவிட்டு, பழையபடி மூன்று உருண்டை வைத்து அனுப்பினாள். எந்தக் கையால் ஏமாற்றினோமோ அந்தக் கைக்கு இனி அந்த வேலை கிடையாது என்பது கணக்கு. கேட்டவர்களிடம் அச்சு கிழிந்துவிட்டது என்றாள். வீட்டிலும் அவள் சிரிப்பு நின்றுபோனது. ரிமோட்டை என்ன, வீட்டையே தூக்கித் தட்டில் வைத்து மூடினாலும் கவனிக்கமாட்டாள் போல இருந்தது. என்ன ஆச்சு என்று புருஷன் கேட்டதற்கு, மாடிப்படி ஏறி ஏறி மூட்டு வலி என்றாள். அவர் தைலம் எடுத்து வந்து உட்கார்ந்தார். வலி முழங்காலில் இல்லை என்று சொல்லத் துணிவில்லாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைமை நர்ஸ் கெட்டிக்காரர். ஒரு நாள் திரும்பி வந்த தட்டுகளையெல்லாம் வரிசையாக மேடையில் வைத்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினார். எல்லாம் தொட்டும் தொடாமலும் கிடந்தன. கண்டக்டர் தட்டில் ஸ்பூன் பட்ட தடமே இல்லை. அலமாரியின் மேல் தட்டை எட்டித் துணி மூட்டையை எடுத்து, ஒரு அச்சை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"கிழிசலே இல்லையேக்கா. உங்களுக்கு யார் மேல கோவமோ எனக்குத் தெரியாது. அதை இவங்க தட்டுல கொண்டுவந்து வைக்காதீங்க."

கோபம் யார் மேல் என்று மூடியம்மா அப்போதும் சொல்லவில்லை. ஆனால் பசி யாருக்கு என்பது உறைத்துவிட்டது. தன்னைத் தண்டித்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு பேச முடியாத ஒரு மனுஷனைப் பட்டினி போட்டிருக்கிறாள். அதற்கும் மேலே, செய்யாத தப்புக்கு அவர் மனைவியைத் தனியாக வீட்டில் உட்காரவைத்திருக்கிறாள்.

விடுமுறை நாளில் வீட்டுச் சமையலறையிலேயே கோழிக்கால் வார்த்தாள். தட்டைச் சூடாக்கி, மூடி போட்டு, துண்டில் சுற்றி, கம்பளித் துணியில் மறுபடி சுற்றி, இரண்டு பஸ் மாறி அந்தம்மா வீட்டுக்குப் போனாள். மடியில் அந்த மூட்டையோடு, பக்கத்தில் உட்கார வந்த ஆளையெல்லாம், சூடு, தள்ளி உக்காருங்க என்று மிரட்டிக்கொண்டே போனதில், பஸ் கண்டக்டர் வந்து என்னம்மா மடியில குக்கரா, வெடிக்குமா என்று விசாரித்தார். கண்டக்டர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்கு இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

அந்தம்மா கதவைத் திறந்தார். ஒண்டி ஆள் இருக்கிற வீடு. சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி மட்டும் வெளியே இழுத்திருந்தது. வந்தவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. அவருக்கு என்ன ஆச்சு என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, நல்லா இருக்கார் என்று மூடியம்மா பதறிச் சொன்னாள். உட்காரச் சொல்லிவிட்டு அந்தம்மாவே பேச ஆரம்பித்தார்.

"நீங்க பக்குவமா குடுத்தீங்க, தின்னாரு. நான் அவசரத்துல திணிச்சிட்டேன் போல. கட்டினவளுக்கு ஊட்டத் தெரியல பாரு."

மூடியம்மா துணியை அவிழ்த்து, தட்டை அவர் முன்னால் வைத்து, மூடியை எடுத்தாள். ஆவி எழுந்தது. இதை ஸ்பூனால் அழுத்திப் பாருங்கள் என்றாள். அந்தம்மா ஒன்றும் புரியாமல் அழுத்தினார். கோழிக்கால் வெண்ணெய் மாதிரி குழைந்து உள்ளே போனது. எலும்பை அழுத்தினார். அதுவும் போனது.

ஸ்பூனை அதிலேயே ஊன்றிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நான் கீழ வந்து கேட்டப்ப இது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நான் நெசம்னு நம்பிட்டேன்னும் தெரியும்."

"தெரியும்மா."

"பின்ன ஏன் சொல்லல?"

வரும் வழியெல்லாம் அவள் பல பதில் தயார் செய்து வைத்திருந்தாள். வேலை அவசரம், மறந்துவிட்டது, நர்ஸ் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அதையெல்லாம் ஒதுக்கினாள்.

"நீங்க நம்பினது எனக்கு நல்லா இருந்துச்சு" என்றாள்.

அந்தம்மா அழவில்லை, திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மேனேஜருக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். நாளைக்கு எத்தனை மணிக்கு மதியச் சாப்பாடு என்று கேட்டார். சொன்னாள். அதுக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு, நான் வந்துடறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கிளம்பு என்று அர்த்தம்.

மறுநாள் காலை மூடியம்மா மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள். வேலை போய்விடும் என்று நினைத்து ஏப்ரனை முன்கூட்டியே மடித்துக் கையில் வைத்திருந்தாள். மேனேஜர் ரொம்ப நேரம் கத்தினார். பிறகு குரல் தணிந்தது. வரவேற்பறைப் படம் அவர் மாட்டியதுதானே. வருகிற உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் அச்சுச் சாப்பாட்டை அழுத்திக் காட்ட வேண்டும், நீல மூடி திரும்ப வரவேண்டும், கண்டக்டர் மனைவிக்கு எப்படி ஊட்டுவது என்று நர்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரனைக் கட்டிக்கிட்டுப் போ, அடுப்பு எரியுது என்றார். அவர் வேலையை விட்டே அனுப்பியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மதியம் அந்தம்மா வந்தார். கோழிக்கால், கேரட், பட்டாணி, நீல மூடி. மனைவியைப் பார்த்ததும் கண்டக்டர் இரண்டு விரலைத் தூக்கினார். நர்ஸ் சொல்லச் சொல்ல, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னச் சின்ன வாயாக அந்தம்மா ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் தட்டில் இருப்பதை ஸ்பூனால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். பட்டாணியைக்கூட. வாசலில் நின்றவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் பார்க்கட்டும் என்பது மாதிரி நன்றாக அழுத்தினார். தட்டு காலியானது.

அன்று முதல் தினமும் வருகிறார். தினமும் அழுத்திப் பார்க்கிறார். மூடியம்மாவிடம் எவ்வளவு பேச வேண்டுமோ அவ்வளவு பேசுவார், இன்னிக்கு உப்பு கம்மி என்கிற மாதிரி. கண்டக்டரின் காலருக்குள் கழுத்து திரும்ப நிறைய ஆரம்பித்திருக்கிறது.

எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்த அன்று மூடியம்மா வீட்டுக்கு வந்து, மனசில் இருந்த பாரமெல்லாம் இறங்கிப்போக, வயிறாரச் சாப்பிட்டு, பச்சைப்பிள்ளை மாதிரி அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

இந்த இடம்வரை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த அம்மா, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் கடைசி வரி மேல் விரலை வைத்தாள்.

"இதை அடிச்சிடு. நான் தூங்கலைன்னு உனக்குத் தெரியும்டி. நீயும்தானே போர்வைக்குள்ள தூங்குற மாதிரி நடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தே."